உட்கார்ந்தால் தெரியாத மருந்து

இளைப்புக்குப் பம்பு அடித்தும் ஒரு பலனும் இல்லை என்று சொல்கிறவர் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருக்கிறார். டி.வி. பெட்டிக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில், மாத்திரை டப்பாவுக்கு அடியில் என்று அந்த இன்ஹேலர் எங்காவது கிடக்கும். விசேஷ வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது இதைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், அது பழகிவிடும், ஒருமுறை தொட்டால் விட முடியாது, கடைசி ஸ்டேஜில்தான் கொடுப்பார்கள் என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். பழகிவிடும் என்பதற்குப் பதில் சொல்லலாம். பலனே இல்லை என்று மருந்தை எடுக்கிற ஆளே சொன்னால் என்ன பதில் சொல்வது? இந்தக் கேள்வி கொஞ்ச காலமாகவே என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

சொன்னவர் என் அத்தை. அப்பாவின் அக்கா. எழுபதைத் தாண்டியவர். சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமாக அடைத்துக்கொள்கிற நுரையீரல் நோய் என்று சீட்டில் எழுதிக் கொடுத்ததிலிருந்து காலையில் கேப்சூல் போட்டு உறிஞ்சுகிற மருந்து ஒன்று, திடீரென்று இளைப்பு வந்தால் அடித்துக்கொள்ள நீலக் கலர் பம்பு ஒன்று. நான் மதுரை அனுப்பானடியில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கட்டிலில் சாய்ந்தபடி ஒரே குறைதான். “வெறும் காத்துதான் வருது போல மருமகனே. இதை உறிஞ்சுறதும் ஒண்ணு, உறிஞ்சாம இருக்குறதும் ஒண்ணு.” போகப்போகத் தெரியும் அத்தை என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதங்கள் போயின. ஒன்றும் தெரிந்தபாடில்லை. அவருக்காகக் கொடுக்கிற மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதை அவரைவிட நன்றாக வேறு யார் சொல்ல முடியும்?

அத்தை பீடியைக் கையால் தொட்டதில்லை. மாமாவுக்கும் அந்தப் பழக்கம் இல்லை. முதலில் பார்த்த டாக்டர் வீட்டில் யார் புகைப்பார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். யாருமில்லை என்றதும் சளி என்று எழுதி சிரப் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. செல்லூரில் ஒரு சந்துக்குள் நாற்பது வருஷம் இட்லிக் கடை நடத்தியவர் அத்தை. விடிகாலை நாலு மணிக்குக் கொப்பரையை ஏற்றினால் பத்து மணிக்குத்தான் அடுப்பு அணையும். விறகு பெரும்பாலும் சீமைக்கருவேலம். காய்ந்திருந்தால் பரவாயில்லை, ஐப்பசி மழையில் நனைந்து வந்த கட்டை பிடிக்காமல் கக்குகிற புகையில் நான் நின்றிருக்கிறேன். கண்ணைத் திறக்க முடியாது. அத்தை முகத்தை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுவார். தகரக் கூரையின் உட்புறம் பிசுபிசுவென்று கறுப்பாகச் சொட்டும். 2006-க்குப் பிறகு கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச கேஸ் அடுப்பு வீட்டுக்கு வந்தது. அதில் வீட்டுக்குக் காபி போட்டதோடு சரி. கடைக்கு கேஸ் கட்டுப்படியாகாது. விறகுப் புகையை வருஷக்கணக்கில் சுவாசித்தால் பீடி பக்கமே போகாத பெண்ணுக்கும் இந்த நோய் வரும் என்பது நுரையீரல் டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எங்களுக்குத் தெரிந்தபோது கடையை மூடிச் சில வருஷம் ஆகியிருந்தது.

நோயை உறுதி செய்தது ஸ்பைரோமெட்ரி. மூக்கை கிளிப் போட்டு மூடி, குழாயை வாயில் கவ்வவைத்து, மூச்சை முழுக்க இழுத்து முடிந்த மட்டும் வேகமாக வெளியே ஊதச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிற டெக்னீஷியன் “ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க” என்று கத்திக்கொண்டே இருப்பார். முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று பார்த்து வகுப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்ன பிறகும் அந்த விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிரந்தரம் என்று அர்த்தம். இரண்டாவது சுற்றில் அத்தை குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “ஊதி ஊதித்தான்யா இப்படி ஆனேன். இன்னமும் ஊதச் சொல்றியே” என்றார். டெக்னீஷியனுக்குப் புரியவில்லை. எனக்கும் அத்தை மகனான மச்சானுக்கும் சிரிப்பதா என்று தெரியவில்லை.

பலனில்லை என்றதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது கையைத்தான். புது டாக்டர் அதைத்தான் செய்தார். “வீட்டுல எப்படி எடுப்பீங்களோ அப்படியே என் முன்னாடி எடுத்துக் காட்டுங்க” என்றார். அத்தை நீலப் பம்பைக் குலுக்காமல் வாயைத் திறந்து நாக்கின் மேல் இரண்டு முறை அடித்துவிட்டு விழுங்கினார். பாதி மருந்து புகையாக வெளியே வந்தது. டாக்டர் திட்டவில்லை, “இப்ப உங்க நாக்கு நல்லா விரிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார். முதலில் எழுதிக் கொடுத்த கிளினிக்கில் யாரும் செய்து காட்டவே இல்லை. பெட்டியைக் கையில் கொடுத்து ரெண்டு வேளை என்றார்களாம், அவ்வளவுதான். ஒழுங்காக அடித்தாலே பம்பு மருந்தில் சிறு பங்குதான் நுரையீரலுக்குப் போய்ச் சேரும், மீதி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் நீலப் பம்புக்கு ஸ்பேசர் வாங்கினோம். அந்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் மருந்தை அடித்து, நிதானமாக இழுத்து, பத்து எண்ணுகிற வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். கேப்சூலுக்கு முறை நேர்மாறு. அது பொடி, வேகமாக, இழுத்த இழுப்பில் உள்ளே போக வேண்டும். இழுத்த பிறகு கேப்சூலைத் திறந்து பொடி மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிற வேலையைத் தங்கச்சி எடுத்துக்கொண்டது. மச்சானின் மனைவியைத்தான் சொல்கிறேன். அதுதான் அத்தையின் மருத்துவமனை, மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் பார்க்கிற ஆள்.

முறை சரியாயிற்று. பொடி மிச்சமில்லை. சில வாரம் கழித்துப் போனால் மறுபடி அதே பல்லவி. “ஒண்ணும் தெரியல மருமகனே.”

இறங்காத கூட்டம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இரவில் தூக்கத்தை விட்டு அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளாகத் தேடிப் படிப்பேன். பாதி புரியாது. புரிந்த பாதியில் ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. இளைப்பு என்றால் காற்று உள்ளே போக மறுக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அத்தையும் நெஞ்சைத் தடவிக்கொண்டு “உள்ள இறங்க மாட்டேங்குது” என்றுதான் சொல்வார். உண்மையில் இந்த நோயில் முதல் தகராறு காற்று வெளியேறுவதில். பெரியார் பஸ் ஸ்டாண்டில் சாயந்தரம் வந்து நிற்கிற டவுன் பஸ்ஸைப் பார்த்திருப்பீர்கள். இறங்க வேண்டியவர்கள் இறங்கி முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டால், அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவன் என்னதான் முண்டினாலும் படிக்கட்டில்தான் தொங்க வேண்டும். நோய் பிடித்த நுரையீரலும் அப்படித்தான். மூச்சுக்குழாய் சுருங்கிக் கிடப்பதால் காற்று வெளியேற நேரமெடுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த நேரம் கிடைக்கிறது. எழுந்து நடந்தால் மூச்சு வேகமெடுக்கிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கிற நேரம் குறைகிறது, பழைய காற்று இறங்கி முடிப்பதற்குள் புதுக் காற்று ஏறுகிறது. பத்து இருபது மூச்சில் நெஞ்சு விம்மி நிறைந்துவிடும். அதற்கு மேல் இழுக்க இடமில்லை. டாக்டர்கள் இதை டைனமிக் ஹைப்பர்இன்ஃப்ளேஷன் என்கிறார்கள்.

உறிஞ்சுகிற மருந்து மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. சிதைந்துபோன காற்றறைகளை அது திருப்பித் தராது. ஸ்பைரோமெட்ரியில் முதல் வினாடிக் கணக்கு சொல்லிக்கொள்கிற மாதிரி ஏறாமலும் போகலாம். ஆனால் தேங்கி நிற்கிற காற்று குறைகிறது, அடுத்த மூச்சுக்கு இடம் கிடைக்கிறது. கனடாவில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் ஓடானல் இதைப் பல வருஷமாக அளந்து காட்டியவர். 2004-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 187 நோயாளிகள். பாதிப் பேருக்கு அத்தையின் கேப்சூலில் இருக்கிற அதே டியோட்ரோபியம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் பொடி. ஆறு வாரம் கழித்து, அவரவரால் முடிந்த உச்ச பாரத்தில் முக்கால் பங்கை வைத்து நிற்கிற சைக்கிளை மிதிக்கவைத்தார்கள். மருந்து எடுத்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம் கூடுதலாக மிதித்தார்கள்.

ஒன்றே முக்கால் நிமிடம்தானா என்று எனக்கும் முதலில் சப்பென்றுதான் ஆனது. அப்புறம் யோசித்தேன். அத்தை வீட்டுப் படியிலிருந்து தெருமுனைப் பால் பூத்துக்குப் போக அவ்வளவு நேரம்தான் ஆகும். அங்கே போய்ச் சேர முடிவதும் பாதியில் நின்று சுவரைப் பிடிப்பதும் ஒன்றா?

இடையில் ஒரு கொசுறு. டியோட்ரோபியம் வருகிற மருந்து வம்சத்தின் மூத்தது அட்ரோபின். அதைத் தருகிற செடிகளில் நம் வேலியோரத்து ஊமத்தையும் ஒன்று. இங்கே ஊமத்தைப் புகையை இளைப்புக்குப் பிடிக்கிற பழக்கத்தைச் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அறிந்திருந்தார். 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்கிற ராணுவ அதிகாரி வழியாக அது பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. புகையால் வந்த இளைப்புக்குப் புகையையே மருந்தாகப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள். தயவுசெய்து யாரும் வீட்டில் முயல வேண்டாம், ஊமத்தை ஆளைக் கொல்லும் விஷம். இன்று கேப்சூலுக்குள் இருப்பது வேதிமுறையில் மாற்றி, ரத்தத்தில் அதிகம் கலக்காமல் நுரையீரலோடு நிற்கும்படி செய்த பேரப்பிள்ளை. அத்தையிடம் இதைச் சொன்னபோது, “இதுக்கா மாசம் மாசம் இவ்வளவு காசு வாங்குறான்?” என்றார்.

நடைபாதையில் ஆறு நிமிடம்

டாக்டர் அனுப்பிய இன்னொரு பரிசோதனை எனக்குப் புதிது. மருத்துவமனை வராந்தாவில் முப்பது மீட்டரை அளந்து இரண்டு பக்கமும் கூம்பு வைத்திருந்தார்கள். ஆறு நிமிடத்துக்குள் போய்வந்து போய்வந்து எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் நிற்கலாம், சுவரில் சாயலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. நடத்துகிறவர் நோயாளியோடு கதை பேசவும் கூடாது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் இன்ன வாக்கியம்தான் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்லா நடக்குறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. இப்படியே போங்க, இன்னும் நாலு நிமிஷம். எல்லாருக்கும் ஒரே அளவு ஊக்கம் கிடைக்க வேண்டுமாம். முதலிலும் கடைசியிலும் மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்பார்கள். “அதை எப்படித் தாயி நம்பர்ல சொல்றது” என்றார் அத்தை. பிசியோதெரபிஸ்ட் பெண் எதுவும் விளக்காமல் எண்கள் எழுதிய அட்டையை நீட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தை ஏழில் விரலை வைத்தார்.

மருந்தை ஒழுங்காக எடுக்க ஆரம்பித்த பிறகு இரண்டாவது முறை அதே வராந்தா. ஸ்பைரோமெட்ரி தாளை முதலில் வாங்கிப் பார்த்த மச்சான், பழைய தாளோடு ஒப்பிட்டு, “ஒரு மாத்தமும் இல்ல மாப்ள, தண்டச் செலவு” என்று என்னிடம் முணுமுணுத்தான். நடையில் கதை வேறு. முதல் தடவை இரண்டு முறை சுவரில் சாய்ந்த அத்தை இந்த முறை ஒரே முறைதான் நின்றார், மூச்சுக்கு நாலில் விரல் வைத்தார். தூரம் முப்பது மீட்டர் போலக் கூடினாலே நோயாளிக்கே வித்தியாசம் தெரியும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கிற கணக்கு. அத்தைக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கூடியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் சொன்னது, “எனக்கென்னமோ ஒண்ணும் தெரியல தாயி.”

அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டு அத்தை எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணீங்கம்மா? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“என்னத்தப் பண்ணேன். எந்திரிச்சேன், பல்லு விளக்குனேன், காபி குடிச்சேன், டி.வி. பாத்தேன்.”

“காபி யாரு போட்டா?”

“மருமகதான்.”

“எங்க உக்காந்து குடிச்சீங்க?”

“கட்டில்லதான்.”

“மாடிக்குக் கடைசியா எப்பப் போனீங்க?”

அத்தை யோசித்தார். பொங்கலுக்கா, அதற்கு முந்தின தீபாவளிக்கா என்று நினைவில்லை. அதற்குள் தங்கச்சி முன்னால் வந்து, “ஒரு துரும்பை எடுத்துப் போட விடுறதில்லைங்க மேடம். தண்ணிகூட கைக்குக் கொண்டுபோய்க் குடுத்துருவேன்” என்றது. அதன் குரலில் பெருமை இருந்தது, அந்தப் பெருமைக்கு நியாயமும் இருந்தது. அந்தப் பெண் அதைக் குறைத்துப் பேசவில்லை. “நல்லாப் பாத்துக்கிறீங்கக்கா. ஆனா குடுக்குற மருந்தை இவங்க எங்க போய்ச் செலவு பண்ணுவாங்க, சொல்லுங்க?” என்றாள்.

நான் மாதக்கணக்கில் தேடிய பதில் அது. அத்தை பொய் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது மூச்சு மருந்துக்கு முன்பும் வாங்கவில்லை, பின்பும் வாங்கவில்லை. மருந்து செய்கிற வேலையெல்லாம் எழுந்து நடக்கும்போது நடக்கிறது. எழுந்து நடக்காத ஆளுக்கு அதைப் பார்க்கிற வாய்ப்பே கிடையாது. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் காசபுரி குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வை வீட்டுக்கு வந்து மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டு குழுவுக்கும் எட்டு வாரம் டிரெட்மில் பயிற்சி, ஒரு குழுவுக்கு மட்டும் டியோட்ரோபியம். பயிற்சி முடிந்தபோது மருந்துக் குழு மற்றவர்களைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடுதலாக நடந்தது. பயிற்சிக்கு முன் மருந்தால் மட்டும் வந்த வித்தியாசம் அதில் பாதிகூட இல்லை. மருந்து மூச்சுக்கு இடம் கொடுக்கிறது. அந்த இடத்தை வைத்துக்கொண்டு நடந்தால்தான் கால் தேறும். வருஷக்கணக்கில் உட்கார்ந்து சூம்பிப்போன தொடைக்கு எந்தப் பம்பும் மருந்து அடிக்காது.

இதைவிடக் கசப்பான ஆய்வு 2018-ல் வந்தது. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தின் தியரி ட்ரூஸ்டர்ஸ் முன்னின்று செய்தது. நாலு குழுவுக்கும் தினசரி நடையைக் கூட்டுவதற்கான பயிற்றுவிப்பு உண்டு, மருந்து குழுவுக்குக் குழு மாறும், ஒரு குழுவுக்கு மட்டும் உடற்பயிற்சியும் உண்டு. டியோட்ரோபியத்தோடு, மூச்சுக்குழாயை விரிக்கிற இன்னொரு மருந்தான ஒலோடட்டெராலும் சேர்த்து எடுத்தவர்களால் பரிசோதனையில் கூடுதல் நேரம் நடக்க முடிந்தது. ஆனால் வீட்டில் அவர்கள் தினமும் எவ்வளவு நடந்தார்கள் என்று பார்த்தால், மருந்தில்லாத போலி இன்ஹேலரோடு பயிற்றுவிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அதிகம் நடந்துவிடவில்லை. முடியும் என்பதற்காக மனிதர்கள் எழுந்து நடந்துவிடுவதில்லை. இதைப் படித்தபோது எனக்கு அனுப்பானடி வீட்டுக் கட்டில்தான் கண்ணில் நின்றது.

யார் விடுவார்கள்?

அத்தையை நடக்கவையுங்கள் என்று சொல்வது சுலபம். அந்த வாரமே தங்கச்சி அத்தையிடம் பூண்டு உரிக்கிற வேலையையும் வாசல் தெளிக்கிற வேலையையும் கொடுத்துப் பார்த்தது. மூன்றாம் வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஏன்த்தா, இளைப்புக்காரியவா வாசத் தெளிக்க விட்டிருக்கா உன் மருமக?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். தங்கச்சி வாளியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அதன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மாமியாரை உட்காரவைத்துச் சோறு போடுகிற மருமகள் என்று பேர் வாங்க அது பட்ட பாடு எனக்குத் தெரியும். பிசியோதெரபிஸ்ட் சொன்னார் என்று தெருவில் தட்டி கட்டி வைக்கவா முடியும்? நம் ஊரில் நோயாளியை எழுப்பிவிடுவதற்கு டாக்டர் சீட்டு மட்டும் போதாது, அக்கம்பக்கத்தின் அனுமதியும் வேண்டும். நுரையீரல் நோய்க் கையேடுகளில் இதற்கென்று ஓர் அத்தியாயம் எழுதினால் நன்றாக இருக்கும்.

அத்தையிடமும் ஒரு நியாயம் இருந்தது. நடக்கலாம் வாங்க என்று நான் கூப்பிட்ட முதல் சாயந்தரம் அவர் அசையவில்லை. “நாப்பது வருஷம் அந்த அடுப்புக்கு முன்னாடி நின்னே கெடந்தேன்டா. கால் வீங்குனாலும் நின்னேன், காச்சல் வந்தாலும் நின்னேன். இப்பத்தான் ஒருத்தி உக்கார வச்சு சோறு போடுறா. அது பொறுக்கலையா உங்களுக்கு?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை. ஓய்வு அவர் சம்பாதித்தது. உடம்புக்கு நல்லது என்று ஒரு பேப்பரைக் காட்டி அதைப் பறிக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. கடைசியில் அவரைக் கிளப்பியது எந்த ஆய்வும் இல்லை. தெப்பக்குளத்தில் இந்த வருஷம் தண்ணீர் தளும்புகிறது என்று யாரோ சொன்னார்கள். “அதை ஒரு கண்ணு பாத்துட்டு வந்துருவோம்” என்று அவரே செருப்பைத் தேடினார்.

ஆட்டோவில் போய் மாரியம்மன் கோயில் பக்கம் இறங்கினோம். நாலு கரையும் சேர்த்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். காலையிலும் மாலையிலும் பாதி மதுரை அங்கேதான் சுற்றுகிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் ஸ்பேசர் வைத்து நீலப் பம்பு, கையில் விரல் நுனியில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர். 88-க்குக் கீழே போனால் நின்றுவிட வேண்டும், சளி மஞ்சளாக வருகிற நாளில் வரவே கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தை கொஞ்ச தூரம் நடப்பார், குளத்துக் கல் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி முன்னால் சாய்வார், உதட்டைக் குவித்து உஸ்ஸென்று நீளமாக ஊதுவார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கையை ஊன்றினால் தோள் தசைகள் மூச்சுக்கு உதவ வரும், உதட்டைக் குவித்தால் மூச்சுக்குழாய் சட்டென்று மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேற நேரம் கிடைக்கும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதை அவர் உடம்பு தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது. சோளக்கருது சுடுகிற வண்டிகள் நிற்கிற மூலை வந்தால் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் கடந்துவிடுவார். கரிப்புகை பட்டால் அன்றைய நடை அதோடு முடிந்தது.

முதலில் கோயிலிலிருந்து ஒரு கரை முடிகிறவரைதான். அப்புறம் தியாகராசர் கல்லூரி பக்கம் திரும்பி வருகிற வரைக்கும். ஒழுங்காகத் தினமும் வந்தார் என்று எழுத ஆசைதான், வரவில்லை. ஆனால் சுவரில் அவரோடு சாய்ந்து பேச இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்துகொண்ட பிறகு வராத நாள்கள் குறைந்தன. அதில் ஒருவர் இவருடைய பழைய இட்லிக் கடை வாடிக்கை. மூன்றாம் வீட்டு அம்மாவுக்கும் இதில் குறை சொல்ல வழியில்லை. மாமியாரை வேலை வாங்கினால்தானே பேச்சு வரும், கோயில் பக்கம் அழைத்துப் போவதில் யார் வாயைத் திறக்க முடியும்? தங்கச்சி என்னைவிடக் கெட்டிக்காரி. அதற்குப் பிறகு தெருவில் யார் கேட்டாலும் “மாரியம்மனுக்கு வேண்டுதல், சுத்தி வாராங்க” என்று சொல்லிவிடுகிறது.

இப்படி நடை கொஞ்சம் பிடிபட்ட நேரத்தில் அத்தை கேப்சூலை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நல்லாத்தான் நடக்குறோமே, எதற்கு மகனுக்கு வீண் செலவு என்ற எண்ணம். கட்டிலில் இருந்த காலத்திலும் இப்படி இடையிடையே நிறுத்தியிருக்கிறாராம், ஒரு வித்தியாசமும் தெரியவில்லையாம். பலனில்லை என்று அவர் அடித்துச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தத் தடவை இரண்டு மூன்று நாளிலேயே கல்லூரி மூலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வெயில் அதிகம் என்றார். மறுநாள் மத்தியானம் சாப்பாடு செரிக்கவில்லை என்றார். அதற்கும் மறுநாள் நான் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது.

“மருமகனே, அந்த கேப்சூல் தீந்துருச்சு. தீரலை, நான்தான் நிப்பாட்டிட்டேன், அதை விடு. அது இல்லாம பாதிக் கரைகூட வர முடியல. உன் மச்சான்கிட்டச் சொன்னா வைவான், நீயே வாங்கிட்டு வந்துரு. கடைக்காரன் வேற கம்பெனி இருக்கு, அதே மருந்துதான்னு குடுத்தா வாங்கிறாத. அது இந்த மெஷின்ல உக்காராது. ரெண்டு மாசத்துக்குச் சேத்து வாங்கு, காசை நான் தாரேன்.”